டயரை மாத்தியும் தேய்மானம் நிக்கலையா? தப்பு டயர்ல இல்லாம இருக்கலாம்!

சங்ககிரியில் இருக்கும் என் மாமாவிடம் ஒரு டிரெய்லர் லாரி இருக்கிறது. முன்னால் இழுக்கும் வண்டிக்கு 6 டயர், பின்னால் மூன்று ஆக்சில் உள்ள டிரெய்லருக்கு 12 டயர். மொத்தம் 18. அந்த 18-ல் ஒரே ஒரு இடம் மட்டும் அவரைப் பாடாய்ப்படுத்தியது. மூன்றாவது ஆக்சில், வலது பக்கம், வெளிப்புற டயர். அதன் வெளி ஓரம் மட்டும் மொட்டையாகிவிடும். மற்ற பகுதியில் பட்டன் அப்படியே இருக்கும்.

முதல் தடவை டயர் கம்பெனி மேல் பழி. புது டயர் போட்டார். மூன்று மாதத்தில் அதே ஓரம் மறுபடி தேய்ந்தது. இரண்டாவது தடவை, காற்று சரியில்லை என்றார்கள். ஜோடியாக இரண்டு டயரையும் மாற்றினார். அதுவும் அப்படியே ஆனது. ஒரு லாரி டயர் ரூ.20,000-க்கு மேல். வண்டி லோனுக்கு மாதா மாதம் இ.எம்.ஐ. கட்டும் ஒருவருக்கு இது எவ்வளவு பெரிய அடி என்று சொல்ல வேண்டியதில்லை.

மூன்றாவது தடவை வேறு ஒரு பட்டறைக்குப் போனார். அங்கிருந்த வயதான மெக்கானிக் டயரைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. டார்ச்சை எடுத்துக்கொண்டு வண்டிக்கு அடியில் படுத்துவிட்டார். வெளியே வந்து ஒன்றே ஒன்றுதான் சொன்னார்.

“டயரு என்னங்ண்ணா பண்ணும்? அது நிக்கிற இடம் சரியில்லீங்க.”

அவர் அடியில் படுத்து எதைப் பார்த்தார்? அதற்கு முன், அடிப்படை விஷயங்கள் சில.

டயர் ஏன் ஒரே மாதிரி தேயாது?

2018-ல் மத்திய அரசு சரக்கு வாகனங்களின் எடை வரம்பை உயர்த்தியது. மூன்று ஆக்சில் கொண்ட தொகுப்புக்கு 24 டன்னாக இருந்த வரம்பு 27 டன் ஆனது. இதை 12 டயருக்குப் பிரித்தால் ஒரு டயர் மேல் 2.25 டன். அதாவது, இரண்டு சின்ன கார்களை ஆட்களோடு சேர்த்து ஒரே டயர் மேல் ஏற்றி வைத்த மாதிரி.

இவ்வளவு எடையும் சாலையைத் தொடும் ஒரு சின்ன பரப்பின் வழியாகத்தான் இறங்குகிறது. அந்தப் பரப்பு முழுவதும் எடை சமமாகப் பரவினால் டயர் சமமாகத் தேயும். காற்று குறைந்தாலோ, ஆக்சில் வளைந்தாலோ, சக்கரம் சற்றுத் திரும்பி நின்றாலோ எடை ஒரு பக்கமாகப் போய்விடும். எந்தப் பக்கம் தேய்கிறது என்பதை வைத்தே நோயைச் சொல்லிவிடலாம். டாக்டர் நாக்கை நீட்டச் சொல்லிப் பார்ப்பது போலத்தான்.

தேய்மானம் சொல்லும் சேதி

நடுப்பகுதி மட்டும் தேய்கிறதா? காற்று அதிகம். டயர் நடுவில் உப்பி, ஓரங்கள் சாலையைச் சரியாகத் தொடுவதில்லை.

இரண்டு ஓரமும் தேய்ந்து நடு நன்றாக இருக்கிறதா? காற்று குறைவு, அல்லது டயர் தாங்கும் அளவைத் தாண்டி லோடு. இது பணம் சம்பந்தப்பட்ட பிரச்சினை மட்டும் இல்லை. காற்று குறைந்த டயரின் பக்கச்சுவர் ஒவ்வொரு சுற்றிலும் மடங்கி விரிகிறது. அதில் சூடு ஏறுகிறது. மே மாத வெயிலில் நெடுஞ்சாலையில் டயர் வெடிப்பதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

உள் ஓரம் மட்டும், ஆக்சிலின் இரண்டு பக்கமும் தேய்கிறதா? ஆக்சில் வளைந்திருக்கலாம். ஓவர்லோடு ஏற்றினால் ஆக்சில் நடுவில் தாழ்ந்து, இரண்டு முனைகளும் மேலே தூக்கும். சக்கரங்களின் மேல்பகுதி உள்பக்கமாகச் சாயும். எடை முழுக்க உள் ஓரத்துக்குப் போய்விடும்.

மேடு பள்ளமாக, கிண்ணம் கிண்ணமாகக் குழி விழுகிறதா? சக்கரம் சாலையில் குதித்துக் குதித்து ஓடுகிறது என்று அர்த்தம். பேலன்ஸ் இல்லாத சக்கரம், லூஸான பேரிங், தேய்ந்துபோன ஷாக் அப்சார்பர் ஆகிய மூன்றில் ஒன்றாக இருக்கும். பேரிங் லூஸ் என்பதை ‘அப்புறம் பாத்துக்கலாம்’ என்று விடவே கூடாது. ஹப் சூடாகி, ஓடும்போதே சக்கரம் கழன்றுவிடும் அபாயம் இருக்கிறது.

ஒரே ஒரு இடத்தில் தட்டையாகத் தேய்ந்திருக்கிறதா? பிரேக் பிடித்தபோது சக்கரம் சுற்றாமல் அப்படியே இழுபட்டிருக்கிறது. எல்லாச் சக்கரத்துக்கும் பிரேக் சமமாக விழவில்லை. தருமபுரி - சேலம் இடையே தொப்பூர் கணவாய் இறக்கத்தில் லாரி ஓட்டுகிறவர்களுக்கு இதன் ஆபத்து நன்றாகத் தெரியும். அந்த இறக்கத்தில் நடந்த விபத்துகள் கொஞ்சநஞ்சமில்லை.

ஜோடி டயரில் ஒன்று மட்டும் சீக்கிரம் தேய்கிறதா? இரண்டின் உயரத்திலோ காற்றிலோ வித்தியாசம் இருக்கும். இரண்டும் ஒரே ஹப்பில் பூட்டப்பட்டவை என்பதால் ஒரே வேகத்தில் சுற்றித்தான் ஆக வேண்டும். உயரமான டயர் எடையைச் சுமக்கும், குட்டையான டயர் சாலையில் உரசிக்கொண்டே வரும். புது டயரையும் பாதி தேய்ந்த ரீட்ரேட் டயரையும் ஜோடி சேர்ப்பவர்கள் இங்கேதான் ஏமாறுகிறார்கள்.

கையால் தடவினால் ஒரு பக்கம் வழுவழுப்பு, மறுபக்கம் ரம்பம் போல முனையா? சக்கரம் ஓடும் திசையும் அது பார்க்கும் திசையும் வேறு வேறு. அலைன்மென்ட் கோளாறு. (தடவும்போது கவனம். தேய்ந்த டயரில் கம்பி வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். வண்டி நின்று, டயர் ஆறிய பிறகு, கையுறையோடு மட்டும்.)

மூன்று ஆக்சில் என்றால் ஒரு எக்ஸ்ட்ரா சிக்கல்

காரில் முன்சக்கரம் திரும்பும், பின்சக்கரம் பின்தொடரும். டிரெய்லரில் மூன்று ஆக்சிலும் திரும்பாமல் நேராக நிற்பவை. வண்டி யூ-டர்ன் எடுக்கும்போது நடு ஆக்சில் கிட்டத்தட்ட அச்சு மாதிரி செயல்படும். முதல் ஆக்சில் ஒரு பக்கமாகவும், மூன்றாவது ஆக்சில் எதிர்ப்பக்கமாகவும் சாலையில் இழுபடும். குடோன் வாசலில் லோடு வண்டி வளைந்து திரும்பும்போது டயர் கிறீச்சிடும் சத்தம் கேட்டிருப்பீர்களே, அது இதுதான்.

ஆகவே, முதல் மற்றும் மூன்றாவது ஆக்சில் டயர்கள் நடு ஆக்சிலை விடக் கொஞ்சம் வேகமாகத் தேய்வது இயல்பு. ஆனால் ஒரு கண்டிஷன்: இடது, வலது இரண்டு பக்கமும் ஏறத்தாழ ஒரே மாதிரி தேய வேண்டும். ஒரு பக்கம் வெளி ஓரம், மறுபக்கம் உள் ஓரம் என்று மாறி மாறித் தேய்ந்தால், அது திருப்பத்தால் வந்தது இல்லை.

அமெரிக்காவில் பிக்அப் வண்டிக்குப் பின்னால் கட்டி இழுத்துப் போகும் இரண்டு ஆக்சில் டிராவல் டிரெய்லருக்கும் இதே விதிதான். அங்கே இன்னொன்றையும் கவனிப்பார்கள்: டிரெய்லர் சமதளமாக நிற்கிறதா என்று. மூக்கைத் தூக்கிக்கொண்டு நின்றால் எடை பின் ஆக்சிலுக்குப் போய், அந்த டயர்கள் முதலில் தேயும்.

மாமா வண்டிக்கு என்னதான் ஆச்சு?

இப்போது அந்த மெக்கானிக்கிடம் திரும்புவோம். வலது பக்கம் வெளி ஓரம் தேய்ந்திருந்தது எல்லோருக்கும் தெரிந்தது. அவர் அடியில் படுத்துப் பார்த்தது அதே ஆக்சிலின் இடது பக்கத்தை. அங்கே டயரின் உள் ஓரம் தேய்ந்திருந்தது. வெளியே நின்று பார்க்கும் யார் கண்ணுக்கும் அது தெரியாது.

வலதில் வெளி ஓரம், இடதில் உள் ஓரம். அதாவது இரண்டுமே வண்டியின் வலது பக்கத்து ஓரம். அப்படியென்றால் மூன்றாவது ஆக்சில் மொத்தமாகவே இடது பக்கம் பார்த்துத் திரும்பி நிற்கிறது. மற்ற இரண்டு ஆக்சில்களும் நேராகப் போக, இது மட்டும் இடப்பக்கம் போகப் பார்த்து, போக முடியாமல் சாலையில் உரசிக்கொண்டே வந்திருக்கிறது.

அப்புறம்தான் டேப் வெளியே வந்தது. இரண்டாவது ஆக்சிலுக்கும் மூன்றாவது ஆக்சிலுக்கும் இடையே இரண்டு பக்கமும் அளந்தார்கள். இடது பக்கம் 9 மில்லிமீட்டர் அதிகம். இடது பக்க ஸ்பிரிங் பட்டையைப் பிடித்திருக்கும் யூ-போல்ட் லூஸாகி, உள்ளே சென்டர் போல்ட் உடைந்திருந்தது. பிடிமானம் இல்லாத ஆக்சில் அந்தப் பக்கம் மெல்லப் பின்னால் நகர்ந்துவிட்டது.

9 மி.மீ. என்றால் ஒரு விரல் அகலம்கூட இல்லை. இது ஒரு பிரச்சினையா? சின்ன கணக்கு போடுவோம். அளந்த இரண்டு புள்ளிகளுக்கும் இடையே சுமார் 2 மீட்டர் அகலம். 2,000 மி.மீ.க்கு 9 மி.மீ. சாய்வு. இதே விகிதத்தில் ஒரு கிலோமீட்டர் ஓடினால் அந்த டயர் சுமார் நான்கரை மீட்டர் பக்கவாட்டில் இழுபடுகிறது. 1,000 கி.மீ. ஓடினால் நான்கரை கிலோமீட்டர். லோடு ஏற்றிய ஒரு டயரைத் தார்ச்சாலையில் நான்கரை கிலோமீட்டர் குறுக்காக இழுத்துப் போனால் என்ன மிஞ்சும்?

டிரெய்லர் ஆக்சில்கள் ஒன்றுக்கொன்று இணையாக நிற்பதில் ஒன்றரை மி.மீ. அளவுக்குள்தான் வித்தியாசம் இருக்கலாம் என்பது இந்தத் தொழிலில் பரவலாகப் பின்பற்றப்படும் அளவு. முதல் ஆக்சிலுக்கும் கிங் பின்னுக்கும் உள்ள தூரத்தில் இரண்டு பக்க வித்தியாசம் 3 மி.மீ.க்குள் இருக்க வேண்டும். 9 எங்கே, ஒன்றரை எங்கே!

உடைந்த போல்ட்டின் விலை சில நூறு ரூபாய். அதைத் தேடாமல் மாற்றிய டயர்களின் செலவு அரை லட்சத்துக்கும் மேல். அதைவிடப் பெரிய விஷயம், அந்த ஆறு மாதமும் பிடிமானம் தளர்ந்த ஆக்சிலோடு ஒரு டிரெய்லர் நெடுஞ்சாலையில், நமக்கு முன்னாலும் பின்னாலும் ஓடிக்கொண்டிருந்தது.

எந்த வரிசையில் சோதிக்கணும்?

1. டயர் ஆறியிருக்கும்போது, காலையில் வண்டி எடுப்பதற்கு முன், காற்று பாருங்கள். ஓடி வந்த சூட்டில் பார்த்தால் அளவு கூடுதலாகக் காட்டும். அதை நம்பிக் காற்றை இறக்கிவிடக் கூடாது.

2. ஒவ்வொரு டயரிலும் உள் ஓரம், நடு, வெளி ஓரம் என மூன்று இடத்தில் பட்டன் ஆழத்தை அளந்து எழுதி வையுங்கள். போனில் போட்டோ எடுத்து, எந்த ஆக்சில், எந்தப் பக்கம் என்று குறித்துக்கொண்டாலே பாதி வேலை முடிந்தது.

3. ஒரு டயரை மட்டும் பார்க்காதீர்கள். அதே ஆக்சிலின் மறுபக்கத்தையும் பாருங்கள். அடியிலும் பாருங்கள்.

4. ஜாக்கி வைத்து, ஸ்டாண்டில் நிறுத்தி, சக்கரத்தை மேலும் கீழும் ஆட்டச் சொல்லுங்கள். ஆட்டம் இருந்தால் பேரிங். பிறகு புஷ், யூ-போல்ட், ஸ்பிரிங் பட்டை.

5. கடைசியாக டேப். அளவு தப்பாக இருந்தால் அலைன்மென்ட். ஆனால் தேய்ந்த புஷ்ஷையும் உடைந்த போல்ட்டையும் மாற்றாமல் அலைன்மென்ட் செய்தால் காசுக்குக் கேடு. ஒரு லோடு ஓடியதும் பழையபடி ஆகிவிடும்.

இன்னும் சந்தேகமா? தேய்கிற டயரை வேறு இடத்துக்கு மாற்றிப் பாருங்கள். தேய்மானம் டயரோடு சேர்ந்து போனால் டயரிலோ டிஸ்கிலோ கோளாறு. பழைய இடத்திலேயே நின்று, அங்கே வந்த டயரையும் தின்றால், கோளாறு வண்டியில்.

நம்ம காருக்கு இதுல என்ன?

நிறையவே இருக்கிறது. காரில் மூன்று ஆக்சில் இல்லை, ஆனால் பள்ளத்தில் விழுந்து அலைன்மென்ட் போவதும், உள் ஓரம் மட்டும் தேய்வதும் சகஜம். காரில் போகும்போது நம் கண்ணுக்குத் தெரிவது டயரின் வெளிப்பக்கம் மட்டும்தான். அதனால் அடுத்த முறை ஸ்டியரிங்கை ஒரு பக்கமாக முழுக்கத் திருப்பி நிறுத்தி, முன்டயர்களின் உள் ஓரத்தைக் குனிந்து பாருங்கள். பட்டன் இடுக்கில் சின்ன மேடுகள் இருக்கும். பட்டன் அந்த மேட்டோடு சமமாகிவிட்டால் மிச்சம் 1.6 மி.மீ. மட்டுமே. மழைக்காலத்தில் அந்த டயரோடு வெளியே போகாதீர்கள். ‘ரொட்டேஷன் பண்ணிட்டோம் சார்’ என்று சொன்னால், ஏன் தேய்ந்தது என்று ஒரு வார்த்தை கேளுங்கள். காரணம் தெரியாமல் இடம் மாற்றினால், நான்கு டயரும் வரிசையாகத் தேயும்.

மாமா இப்போது வண்டி கேபினில் ஒரு டேப்பும் ஒரு டார்ச்சும் வைத்திருக்கிறார். ஒவ்வொரு லோடு இறக்கியதும் அடியில் போய்ப் பார்க்கிறார். இந்தக் கட்டுரைக்காகப் போன் செய்தபோது அவர் சொன்னது: “கண்ணு, அந்த ரெண்டு டயரு காச விடு. உள்ள என்னன்னு பாக்காமயே ஆறு மாசம் ஓட்டியிருக்கேன் பாரு, அத நெனச்சாத்தான் இப்பவும் தூக்கம் வர்றதில்ல.”