பதிலை அவரே சொல்லட்டும்

ஹட்டன், டிக்கோயா, நோர்வூட், பொகவந்தலாவைத் தோட்டங்களில் ஒரே கதைதான் திரும்பத் திரும்ப நடக்கிறது. அறிவுசார் குறைபாடுள்ள மகனை நாற்பது வயதுவரை தாய் கண்ணுக்குள் வைத்துக் காப்பாற்றுகிறார். அவர் காலமான பிறகுதான் மகனுக்கு அடையாள அட்டை இல்லை, பிறப்புச் சான்றிதழும் இல்லை என்று வீட்டார் ஓடத் தொடங்குகிறார்கள். இன்னொரு வீட்டில் மகளுக்கு உதவிப்பணம் வருகிறது. வங்கி அட்டையோ கடைக்காரரிடம் ஈட்டில் கிடக்கிறது. அலுவலகத்துக்குப் போனால் உத்தியோகத்தர் குறைபாடுள்ளவரின் முகத்தைப் பார்ப்பதே இல்லை. கூட வந்தவரிடம்தான் கேள்வி, கூட வந்தவரிடமிருந்துதான் பதில். இதில் வீட்டாருக்கும் பங்கு உண்டு.

பதினெட்டு வயது தாண்டியவர் வளர்ந்த மனிதர். அவருக்கும் வாக்குரிமை உண்டு. சித்த சுவாதீனமற்றவர் என்று சட்டப்படி தீர்மானிக்கப்பட்டவருக்குத்தான் அரசியலமைப்பின் 89ஆம் உறுப்புரை வாக்கை மறுக்கிறது. அயலார் பேச்சோ, ஆசிரியரின் அபிப்பிராயமோ, வைத்தியர் எழுதிக் கொடுத்த துண்டோ அந்தத் தீர்மானம் ஆகாது. அப்படியிருந்தும் வாக்காளர் இடாப்புப் படிவம் வரும்போது குடும்பத்தாரே அவர் பெயரை விட்டுவிடுகிறார்கள். விடாதீர்கள்.

இனி கடதாசி வேலை. முதலில் பிறப்புச் சான்றிதழ். பதிவு இல்லையென்றால் பிரதேச செயலகத்தில் உள்ள மேலதிக மாவட்டப் பதிவாளரிடம் காலங்கடந்த பதிவுக்கு விண்ணப்பிக்க வேண்டும். பிறப்பைப் பற்றித் தாயைவிட நன்றாகச் சொல்லக்கூடியவர் யாருமில்லை. அவர் உயிரோடு இருக்கும்போதே இதை முடியுங்கள். அடுத்தது அடையாள அட்டை. படிவத்தைக் கிராம உத்தியோகத்தரிடம் கேளுங்கள். லயத்தில் குடியிருப்போரின் விண்ணப்பத்தைத் தோட்ட அத்தியட்சகர் அத்தாட்சிப்படுத்தலாம். துரையின் கையெழுத்துக்காக இரண்டு நாள் வேலை போகிறதே என்று பாதியில் விட்டவர்கள் அநேகர். உங்கள் பிரிவு அம்பகமுவ பிரதேச செயலகத்தைச் சேர்ந்ததா, நோர்வூட்டைச் சேர்ந்ததா என்பதையும் முதலிலேயே கேட்டுவிடுங்கள். பஸ் காசு மிஞ்சும்.

மாதாந்த உதவிப்பணத்துக்குப் பார்க்க வேண்டியவர் பிரதேச செயலகத்தின் சமூக சேவை உத்தியோகத்தர். அரச வைத்தியரின் மருத்துவ அறிக்கை கையில் இருக்கட்டும். 2025 வரவுசெலவுத் திட்டத்தில் இந்தக் கொடுப்பனவு 7,500 ரூபாயிலிருந்து 10,000 ரூபாயாக உயர்த்தப்பட்டது. வங்கிக் கணக்கு அவர் பெயரில் இருக்கட்டும். கையெழுத்து வராவிட்டால் பெருவிரல் அடையாளம் வைக்கலாம். அட்டையை மட்டும் யாரிடமும் ஈடு வைக்காதீர்கள்.

அலுவலகத்தில் வாய் திறக்கும் பழக்கம் ஒரே நாளில் வராது. கேட்டதற்கெல்லாம் "ஆமாங்க" என்று தலையாட்டியே வளர்ந்தவர்கள் இவர்கள். அமெரிக்காவின் ஒரிகன் மாநிலத்தில் 1974இல் இத்தகையோர் தாங்களே கூடி அமைத்த 'பீப்பிள் ஃபர்ஸ்ட்' இயக்கம் இந்தத் தயக்கத்தைத்தான் உடைத்தது. நுவரெலியாவில் 1988இல் தொடங்கிய மென்காஃபெப் நிறுவனம் இத்தகைய பிள்ளைகளோடும் குடும்பங்களோடும் நெடுங்காலமாக உழைத்துவருகிறது. வளர்ந்தவர்கள் தாங்களே கூடிப் பேசவும் தோட்டந்தோறும் ஓர் இடம் வேண்டும். நான்கைந்து பேர் போதும். மாதத்தில் ஒரு ஞாயிறு, பிள்ளைக் காம்பராவிலோ கோயில் மண்டபத்திலோ கூடட்டும். பெற்றோர் வெளியே இருக்கட்டும். உதவிக்கு இருப்பவர் எழுதிக் கொடுக்கலாம், முடிவெடுக்கக் கூடாது. தன் பெயர், தன் பிரிவு, தனக்கு என்ன வேண்டும் என்று சொல்லிப் பழகட்டும். "வேண்டாம்" என்று சொல்லவும் பழகட்டும். உடம்பைத் தொட வருபவனிடமும், வெற்றுத்தாளில் விரல் அடையாளம் கேட்பவனிடமும் சொல்ல வேண்டிய சொல் அது. ஏற்கெனவே வங்கிக்குப் போய்ப் பழகியவர் புதியவரைக் கூட்டிப் போகட்டும். அண்ணன் போவதைவிட அதுவே நல்லது.

உதவிப்பணம் நின்றுவிட்டால் கவுண்டரில் கெஞ்சிக்கொண்டு நிற்காதீர்கள். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ், "எந்த மாதத்திலிருந்து, என்ன காரணத்துக்காக நிறுத்தப்பட்டது?" என்று தகவல் அலுவலரிடம் தமிழிலேயே கேளுங்கள். எழுத முடியாதவர் வாயால் சொன்னாலும் அதை எழுதிக்கொள்வது அந்த அலுவலரின் கடமை. பற்றுச்சீட்டு வாங்காமல் திரும்பாதீர்கள். 14 வேலை நாட்களுக்குள் முடிவைச் சொல்ல வேண்டும்.

வேலைக்குச் சேர்ப்பதிலோ கல்வி நிலைய அனுமதியிலோ பாகுபாடு காட்டப்பட்டால், 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டப்படி மாகாண மேல் நீதிமன்றத்தை நாடலாம். அரச அதிகாரி அடிப்படை உரிமையை மீறினால் உயர் நீதிமன்றத்துக்குப் போக இருப்பது ஒரே மாதம். அந்த ஒரு மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவில் முறையிட்டால், அங்கே விசாரணை நிலுவையில் உள்ள காலம் அந்தக் கணக்கில் சேராது. ஆணைக்குழுவின் தொலைபேசி இலக்கம் 1996. கண்டியில் பிராந்திய அலுவலகமும் உண்டு. தோட்டத் தலைவரைப் பார்த்துப் பேசலாம், திருவிழா முடியட்டும் என்று தள்ளிப்போடாதீர்கள். மீண்டும் சொல்கிறேன்: ஒரே மாதம்தான்.