பிடிப்பவனை எடைபோடுதல்

கபடி ஆட்டத்தைக் காண வருகிறவர்களின் கண்கள் பெரும்பாலும் பாடி வருகிறவன் மேலேயே படிகின்றன. அவன் ஒற்றை ஆளாய் நடுக்கோட்டைத் தாண்டி வருவதும், ஏழு பேர் நடுவே புகுந்து ஒருவனைத் தொட்டுவிட்டு மூச்சு விடாமல் திரும்புவதும் இயல்பாகவே மனத்தைக் கவரும் காட்சியாதலால், எதிர்ப்பக்கத்து மூலையில் குனிந்து நிற்கிற ஒருவன் அந்த முப்பது விநாடியில் என்ன செய்தான், என்ன செய்யாமல் விட்டான் என்பதைக் கவனிப்பவர்கள் மிகச் சிலரே. ஆனால் கல்லூரி மைதானத்திலிருந்து ஒரு பையனைத் தொழில்முறை ஆட்டத்திற்குத் தேர்ந்தெடுக்க வருகிற பயிற்சியாளருக்கோ, அந்தச் சிலரில் ஒருவராக இருப்பதே பிரதானமான வேலையாகிறது. பாடுகிறவனின் சாமர்த்தியத்தை முதல் பத்து நிமிஷத்திலேயே ஊரார் அனைவரும் கண்டுகொள்வார்கள். பிடிக்கிறவனின் சாமர்த்தியத்தைப் பற்றி ஒருவர் பொறுமையாய் உட்கார்ந்து, ஆட்டம் முழுவதையும் பார்த்து, பிறகுதான் அபிப்பிராயம் சொல்ல முடியும்.

செங்கல்பட்டு மாவட்டம் இத்தகைய தேடலுக்கு ஏற்ற பிரதேசம். கோவளத்திலிருந்து தெற்கே நெம்மேலி, பட்டிப்புலம், தேவனேரி, மாமல்லபுரம், கொக்கிலமேடு, சதுரங்கப்பட்டினம் என்று கடலோரமாய்ச் செல்லும் மீனவக் குப்பங்களிலும், உள்ளே தள்ளியுள்ள திருப்போரூர், திருக்கழுக்குன்றம் வட்டாரத்துக் கிராமங்களிலும், பொங்கலை ஒட்டியும் கோயில் திருவிழாக்களை ஒட்டியும் மின்னொளிக் கபடிப் போட்டிகள் நடப்பது வழக்கம். அங்கே பெயர் எடுத்த பையன்கள் விளையாட்டு ஒதுக்கீட்டில் செங்கல்பட்டு அரசு கலைக் கல்லூரியிலோ, ஜி.எஸ்.டி. சாலையை ஒட்டிய தனியார் பல்கலைக்கழகங்களிலோ இடம் பெறுகிறார்கள். வண்டலூரிலிருந்து கேளம்பாக்கம் போகும் சாலையில், மேலக்கோட்டையூரில், தமிழ்நாடு உடற்கல்வியியல் மற்றும் விளையாட்டுப் பல்கலைக்கழகமே இருக்கிறது. கல்லூரிகளுக்கிடையிலான போட்டி, பிறகு பல்கலைக்கழகங்களுக்கிடையிலான போட்டி, அதன்பின் கேலோ இந்தியா பல்கலைக்கழக விளையாட்டு என்று படிப்படியாக ஏறுகிறவனுக்கு, 2014இல் தொடங்கிய புரோ கபடி லீக்கின் வாசல் கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில் வந்துவிடுகிறது. சமீப ஆண்டுகளின் ஏலப் பட்டியலில், பல்கலைக்கழக விளையாட்டின் இறுதியாட்டத்திற்கு வந்த இரண்டு அணிகளிலிருந்தும் சேர்த்து 24 வீரர்களுக்கு இடம் கொடுத்திருக்கிறார்கள். இதைத் தவிர, புதிய இளம் வீரர்கள் என்ற பிரிவில் அணிகள் ஏலத்திற்கு வெளியேயும் பையன்களை ஒப்பந்தம் செய்துகொள்கின்றன.

ஏலத்தின் ஏற்பாட்டை இரண்டு வார்த்தையில் சொல்லிவிடலாம். வீரர்களை ஏ, பி, சி, டி என நான்கு வகுப்பாகப் பிரித்து, முறையே 30 லட்சம், 20 லட்சம், 13 லட்சம், 9 லட்சம் ரூபாய் என்று ஆரம்ப விலை வைக்கிறார்கள். ஓர் அணி மொத்தமாகச் செலவிடக்கூடிய தொகை 5 கோடி. அந்த 5 கோடியில் எவ்வளவைப் பாடுகிறவனுக்கும் எவ்வளவைப் பிடிக்கிறவனுக்கும் ஒதுக்குவது என்ற கேள்விக்கு, தொடக்க ஆண்டுகளில் எல்லோரும் பாடுகிறவன் பக்கமே சாய்ந்து விடை சொன்னார்கள். அந்தக் கணக்கை மாற்றியவர்களில் முதன்மையானவர்கள் இரானியர் இருவர். 2018இல் ஃபஸெல் அத்ராசலி என்ற, மூலையில் நிற்கும் கார்னர் ஆட்டக்காரரை யு மும்பா அணி ஒரு கோடிக்கு எடுத்தது. 2021இல் 31 லட்சத்திற்குப் பாட்னா அணிக்கு வந்த முகமதுரெஸா ஷாட்லூயி என்ற இளைஞர், 2023இல் 2 கோடியே 35 லட்சத்திற்குப் புனே அணிக்குப் போனார். அந்த ஆண்டுப் போட்டியில் 99 பிடிப் புள்ளிகள் எடுத்தார். புனே கோப்பையை வென்றது. அடுத்த ஏலத்தில் 2 கோடியே 7 லட்சத்திற்கு ஹரியானா அணி அவரை எடுத்துக்கொள்ள, அந்த அணியும் கோப்பையை வென்றது. அடுத்தடுத்து இரண்டு வேறு அணிகள் வெற்றி பெற்றபோதும் மூலையில் நின்றவர் அவரே என்பது தற்செயலான சங்கதி என்று எனக்குத் தோன்றவில்லை.

இப்படிப்பட்ட ஆட்டக்காரனை எப்படித் தேடி எடுப்பது என்பதற்கு அமெரிக்காவை ஒப்பிட்டுப் பார்க்கலாம்: அங்கே ஆடுகிற ஃபுட்பால் ஆட்டத்திற்கு 1936 முதலே கல்லூரி வீரர்களைத் தொழில்முறை அணிகள் முறை வைத்துத் தேர்ந்தெடுக்கும் வழக்கம் இருக்கிறது. தற்காப்பு ஆட்டக்காரனை இண்டியானாபொலிஸ் நகரத்துக்கு வரவழைத்து, நாற்பது கெஜ ஓட்டத்தைக் கடிகாரம் வைத்து அளந்து, 225 பவுண்டு எடையை எத்தனை முறை தூக்குகிறான் என்று எண்ணி, மருத்துவர்களைக் கொண்டு மூட்டு மூட்டாகப் பரிசோதித்து, அவன் கல்லூரியில் ஆடிய ஆட்டங்களின் படச்சுருளையெல்லாம் திரும்பத் திரும்பப் பார்த்த பிறகே ஒரு முடிவுக்கு வருகிறார்கள். நம்முடைய கல்லூரிப் பையனுக்கு அத்தனை சம்பிரமம் இல்லை. பெரும்பாலும் அவன் கையில் இருப்பது ஒரு சான்றிதழும், எத்தனை பேரைப் பிடித்தான் என்ற ஓர் எண்ணும் மட்டுமே. அந்த எண் எவ்வளவு அரைகுறையான சாட்சி என்பதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

கடலோரக் குப்பம் ஒன்றில் நடந்த மின்னொளிப் போட்டியில், கல்லூரியில் படித்துக்கொண்டிருந்த ஓர் இடது கார்னர் ஆட்டக்காரனை நான் கூர்ந்து பார்த்திருக்கிறேன். பக்கத்தில் நின்றவனோடு கைகோத்துச் சங்கிலி போட்டுக்கொண்டு, குதிகால் மண்ணில் படாமல் முன்பாதத்தில் உடம்பின் பாரத்தை வைத்து நின்றான். பாடி வந்தவன் கையை வீசினான், தலையை ஆட்டினான், சிரித்தான். இவன் பார்வை அவனுடைய இடுப்பை விட்டு அசையவில்லை. முகமும் கையும் பொய் சொல்லும், இடுப்பு பொய் சொல்லாது என்பது பயிற்சியாளர்கள் ஓயாமல் சொல்கிற பாடம். அதை இந்தப் பையன் கேட்டிருந்தான். பாடி வந்தவன் போனஸ் கோட்டுக்குக் காலை நீட்டினான். இவன் அரை அடி பின்வாங்கி, ஒரு புள்ளியைக் கொடுத்துவிட்டான். இரண்டாம் முறையும் அப்படியே. கயிற்றுக்கு வெளியே நின்றவர்கள் 'பிடிடா, என்னடா பார்த்துக்கிட்டு நிக்கிற?' என்று சத்தம் போட்டார்கள். மூன்றாம் முறை வந்தவன், முன்னிரண்டு முறை கிடைத்த தைரியத்தில், காலை இன்னும் ஒரு சாண் அதிகமாக நீட்டினான்.

போனஸ் புள்ளிக்கு விதி இதுதான்: எதிரில் ஆறு பேராவது இருக்கும்போது, நடுக்கோட்டிலிருந்து 4.75 மீட்டர் தூரத்திலுள்ள கோட்டை ஒரு பாதம் தாண்டி ஊன்ற, மறு பாதம் தரையில் படாமல் அந்தரத்தில் நிற்க வேண்டும். ஆகவே அந்த ஒரு க்ஷணத்தில், எவ்வளவு பலசாலியாயினும், பாடி வந்தவன் ஒற்றைக் காலில் நிற்கிற மனிதன். அந்த க்ஷணத்திற்காகத்தான் நம் பையன் இரண்டு புள்ளிகளை விட்டுக்கொடுத்துக் காத்திருந்தான். இரண்டு கையாலும் கணுக்காலைப் பற்றி, தலையை வெளிப்பக்கமாக ஒதுக்கி, தோளை முழங்காலுக்கு அடியில் கொடுத்துப் பின்னால் இழுத்தான். ஆங்கிள் ஹோல்டு என்று ஆட்டக்காரர்கள் சொல்கிற அந்தப் பிடி விழுந்த அதே மூச்சில், கார்னருக்கு உள்ளே தள்ளி, கவர் என்ற இடத்தில் நின்றவன் ஓடி வந்து மேலே சாய்ந்தான். ஏட்டில் ஒரு புள்ளி பதிவாயிற்று. அதற்கு முன் நடந்த இரண்டு காத்திருப்புகளைப் பதிவு செய்ய ஏட்டில் கட்டமே கிடையாது.

எண்ணின் குறை இன்னொரு வகையிலும் உண்டு. எட்டு முறை பாய்ந்து நான்கு முறை பிடித்தவன் பெயரில் நான்கு புள்ளிகள் நிற்கும்; நான்கு முறை பாய்ந்து மூன்று முறை பிடித்தவன் பெயரில் மூன்றுதான் நிற்கும். ஆனால் முதலாமவன் தவறிய நான்கு முறையும் எதிரிக்கு ஒரு புள்ளியாவது போயிருக்கும், அவன் வெளியே போய் உட்கார்ந்திருப்பான், எதிரணியில் வெளியே இருந்த ஒருவன் உயிர் பெற்று உள்ளே வந்திருப்பான். கூட்டிக் கழித்தால் அவனால் அணிக்கு லாபம் ஒன்றுமில்லை. மூன்று எடுத்தவனாலோ இரண்டு புள்ளி மீதி. அவசரப்பட்டு முன்னதாகப் பாய்வதை அட்வான்ஸ் டேக்கிள் என்று சொல்லி வர்ணனையாளர்கள் வருந்துவதைத் தொலைக்காட்சியில் கேட்டிருப்பீர்கள். கல்லூரி ஆட்டத்தில், பாடுகிறவர்களும் அனுபவமற்றவர்களாயிருப்பதால், இந்த அவசரம் பல சமயம் பலித்துவிடுகிறது. பலித்ததனால் அது பழக்கமாகி, மேல்மட்ட ஆட்டத்திற்குப் போன முதல் வாரத்திலேயே அந்தப் பையனைக் கவிழ்த்துவிடுகிறது. தேர்வாளர் முதலில் எண்ண வேண்டியது தவறிய பிடிகளைத்தான் என்பது என் உறுதியான அபிப்பிராயம்.

சந்தர்ப்பமறிந்து சுபாவத்தை மாற்றிக்கொள்கிறானா என்பதும் பார்க்கத்தக்கது. தொடர்ந்து இரண்டு முறை ஒன்றுமில்லாமல் திரும்பிய அணி, மூன்றாம் முறை புள்ளி எடுத்தே தீர வேண்டும். எடுக்காவிட்டால் பாடிப் போனவன் வெளியேற வேண்டும். டூ ஆர் டை என்கிற அந்தப் பாட்டில், தானாகப் போய்ப் பாய்கிறவன் எதிரிக்கு உபகாரம் செய்கிறான். விலகி விலகி நிற்கிறவனே புத்திசாலி. அதே ஆள், தன் பக்கத்தில் மூன்று பேரோ அதற்குக் குறைவோ மட்டும் மிஞ்சியிருக்கையில், துணிந்து ஒரு பிடி போட்டால் சூப்பர் டேக்கிள் என்று இரண்டு புள்ளி கிடைக்கும்; அங்கே தயங்குவதுதான் பிழை. இருபது வயதில் இந்த இரண்டு மனநிலைகளையும் ஒரே ஆட்டத்தில் காட்டக்கூடிய பையன் அபூர்வம். கண்டால் அவன் பெயரைத் தனியே குறித்துக்கொள்ள வேண்டும்.

கடலோரப் பையன்களைப் பற்றித் தனியாக ஒன்று சொல்ல வேண்டியிருக்கிறது. குப்பத்து மைதானத்தில் மணல் கலந்த மண். தொழில்முறை ஆட்டமோ ரப்பர் மேட்டின் மேல், காலணியோடு நடப்பது. மண்ணில் பாடி வருகிறவனின் கால் புதைகிறது, திரும்புவதற்குச் சற்று நேரமாகிறது. அந்தச் சற்று நேரமே பிடிக்கிறவனுக்கு வரப்பிரசாதம். மேட்டில் அது கிடையாது. கால் நன்றாகப் பிடித்துக்கொள்வதால் எதிரி சட்டென்று திரும்புகிறான், கணுக்காலை எட்டும் கை வெறுங்காற்றைப் பிடிக்கிறது. ஆகவே மண்ணில் சூரனாகத் தோன்றுகிறவனை மேட்டில் ஒருமுறையாவது பார்க்காமல் விலை பேசுவது இரு தரப்புக்கும் நியாயமல்ல. அதே சமயம், மணலில் ஓடி வளர்ந்த தொடையின் உறுதியும், விழுவதற்கு அஞ்சாத சுபாவமும் ஒரு மூலதனம். மேட்டின் வேகத்தை ஒரு பருவத்திற்குள் பழக்கிவிடலாம், அச்சமின்மையை அப்படிப் பழக்க முடியாது.

சரீர பலத்தைப் பொறுத்தவரை அதிகம் சொல்ல வேண்டியதில்லை. லீக்கில் எடை வரம்பு 85 கிலோ. கார்னரில் நிற்பவனுக்கு நீண்ட கையும் தாழ்ந்த நிலையும் வேண்டும். கவரில் நிற்பவனுக்கு டேஷ் அடித்து எதிரியைக் கோட்டுக்கு வெளியே தள்ளும் தோள் வேண்டும். இருவருக்கும் முழங்கால் முக்கியம். 2022இல் 2 கோடியே 26 லட்சத்திற்குத் தமிழ் தலைவாஸ் அணி எடுத்த பவன் செராவத், முதல் ஆட்டத்திலேயே முழங்காலில் காயமுற்று அந்தப் பருவம் முழுவதும் ஆட முடியாமற் போனதை நம்மவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அவர் பாடுகிறவர்தாம், ஆனால் கீழே விழுந்து புரளுகிற வேலையே தொழிலாகக் கொண்ட பிடிப்பவனின் மூட்டுகளைப் பற்றி இன்னும் அதிகமான விசாரணை அவசியம் என்பதற்கு அந்த நஷ்டம் போதிய எச்சரிக்கை.

வயது விஷயத்தில் நம் நாட்டு உதாரணம் ஒன்று ஒளி தருகிறது. தஞ்சைப் பக்கத்திலிருந்து வந்த தர்மராஜ் சேரலாதன், வலது கார்னர் ஆட்டக்காரர்; நாற்பது வயதைக் கடந்த பிறகு, 2016இல் பாட்னா அணிக்குத் தலைமை தாங்கிக் கோப்பையை வென்றார்; அதே ஆண்டு அகமதாபாத்தில் இரானைத் தோற்கடித்து உலகக் கோப்பையை எடுத்த இந்திய அணியிலும் இருந்தார். பாடுகிறவனின் மின்னல் வேகம் முப்பதுக்குப் பிறகு மங்கத் தொடங்குகிறது. பிடிக்கிறவனின் விவேகமோ அதன் பிறகும் வளர்கிறது. ஆகவே கல்லூரிப் பையனிடம் இன்றைய வேகத்தைவிட, கற்றுக்கொள்ளும் குணத்தைத் தேடுவதே உசிதம். அதைக் கண்டுபிடிக்க எளிய பரீட்சை ஒன்று உண்டு: முதல் பாதியில் தன்னை ஏமாற்றிய அதே பாடுகிறவன், இரண்டாம் பாதியில் அதே யுக்தியோடு திரும்ப வருகையில் பையன் எங்கே நிற்கிறான் என்று பார்த்தால் போதும்.

நம் பெயரைத் தாங்கிய தமிழ் தலைவாஸ் 2017 முதல் ஆடி வருகிறது. அதன் தற்காப்பு வரிசையில் நின்றவர்களில் பலர் ஹரியானாப் பையன்கள். அவர்களுடைய ஆற்றலில் குறை சொல்வதற்கில்லை. 2022இல் அந்த அணி அரையிறுதி வரை சென்றதற்கு சாகர் போன்றோர் மூலையில் நின்றது பெரிய காரணம். ஆனால் மாமல்லபுரம் கரையில் ஆடுகிற பையன் இருபது வயதுக்குள் ஒரு தேர்வாளர் கண்ணிலாவது முழு ஆட்டமாகப் பட்டானா என்று நினைக்கையில் மனம் வருந்துகிறது. பெண்கள் நிலை இதிலும் கடினம். பழைய மாமல்லபுரம் சாலையிலுள்ள கண்ணகி நகரிலிருந்து புறப்பட்ட கார்த்திகா, 2025இல் பஹ்ரைனில் நடந்த ஆசிய இளையோர் விளையாட்டில் இந்தியாவுக்குத் தங்கம் வாங்கித் தந்த அணியில் ஆடினார். எனினும் ஆடவருக்கு இருப்பதுபோல் ஆண்டுதோறும் நிலைத்து நடக்கும் ஏலம் பெண்களுக்கு இன்னும் அமையவில்லை. இருபாலருக்கும் உடனே செய்யத்தக்க காரியம் ஒன்று இருக்கிறது. கல்லூரிகளுக்கிடையிலான ஆட்டங்களை முதல் விசில் முதல் கடைசி விசில் வரை படம் பிடித்து, பிடித்த பிடி, தவறிய பிடி, பிடிக்காமல் விட்ட பாட்டு என்ற மூன்றையும் ஒவ்வொரு கார்னருக்கும் கவருக்கும் எழுதிவைக்க வேண்டும். மேலக்கோட்டையூர்ப் பல்கலைக்கழகத்தில் உடற்கல்வி பயிலும் மாணவர்களே இதைப் பயிற்சியின் ஒரு பகுதியாகச் செய்யலாம். அதற்குக் காமிரா ஒன்றும், நாற்பது நிமிஷம் கண்ணை எடுக்காமல் மூலையைப் பார்க்கிற இருவரும் இருந்தால் போதும்.