கலாநிதிப் படிப்பும் டொலர் விலையும்

2022 இல் டொலர் 200 ரூபாவிலிருந்து 360 ரூபா வரை ஏறியது. நெடுந்தீவுத் தாய்மாருக்கு அது மண்ணெண்ணெய் வரிசை. அரசியல் விஞ்ஞானத்தில் பட்டம் பெற்ற மகளுக்கோ வேறு கணக்கு. அமெரிக்காவில் கலாநிதிப் படிப்புக்கு விண்ணப்பிக்க ஒரு பல்கலைக்கழகத்துக்கு 80 டொலர் என்றால், 16,000 ரூபா 28,800 ஆயிற்று. ஒன்றுக்கு மட்டும் விண்ணப்பித்தால் போதாது. கணவனை இழந்து, கருவாடு போட்டுக் குடும்பம் நடத்தும் தாயிடம் இதை எப்படிக் கேட்பது?

சகோதரிகளே, பலருக்குத் தெரியாத ஒன்று உண்டு. அங்கே பல பல்கலைக்கழகங்களில் கலாநிதி மாணவர் படிப்புக் கட்டணம் கட்டுவதில்லை. கற்பித்தலில் உதவுவதற்கு மாதக் கொடுப்பனவும் கிடைக்கும். கஷ்டத்தை விளக்கி முன்கூட்டியே எழுதினால் விண்ணப்பக் கட்டணத்தையும் சில இடங்களில் தள்ளுபடி செய்வார்கள். கேட்பதில் வெட்கமென்ன? நிவாரணத்துக்கு எத்தனை கந்தோர் ஏறி இறங்கினோம்!

பொருளாதாரம் விழும்போது இடங்கள் குறையும். 2020 இல், கொரோனாவால், சில துறைகள் அடுத்த ஆண்டுக்குப் புதியவர்களைச் சேர்ப்பதையே நிறுத்தின. உதவித்தொகையின்றி அனுமதி மட்டும் வந்தால் காணியையோ நகையையோ ஈடு வைக்காதீர்கள். அடுத்த ஆண்டும் விண்ணப்பிக்கலாம்.

முடிவுத் திகதி பெரும்பாலும் டிசெம்பரில் வரும். அப்போது நமக்கு மாரி. கடல் குழம்பினால் குறிகட்டுவானுக்குப் படகு ஓடாது. யாழ்ப்பாணம் போய் விரிவுரையாளர்களைக் கண்டு, பரிந்துரைக் கடிதங்களைச் செப்டெம்பரிலேயே கேட்டு வையுங்கள்.