சட்டைப்பையில் இருக்கும் கணக்கு

கொச்சியை அடுத்த வைப்பின் தீவின் வடகோடியான முனம்பத்தில், கன்னியாகுமரி மாவட்டத்துத் தூத்தூர்ப் பக்கத்திலிருந்து வந்து ஆழ்கடல் தொழில் செய்யும் நம்மவர்களின் படகொன்று கரையணைந்ததும், அதன் மீனை ஏலம் விடும் தரகர் ஒருவரை மனத்தில் நிறுத்திக்கொண்டால், கணினி சாஸ்திரத்தின் நுட்பமான விஷயமொன்று பாதி விளங்கிவிடும். கூடைக்குக் கூடை ஆபீசுக்கு ஓடிப் பேரேட்டில் எழுதிக்கொண்டிருந்தால் மீன் கெட்டுப்போகுமாதலால், அவர் விலைகளைச் சட்டைப்பையிலுள்ள சிறு நோட்டில் குறித்துக்கொண்டு, ஐந்தைந்து கூடை சேர்ந்தபின் ஒருசேரக் கொடுக்கிறார். அடுத்த ஐந்து சேர்வதற்குள் படகுக்காரர் ஆபீசில் எட்டிப்பார்த்து, “எட்டுக் கூடை போயாச்சே, பேரேட்டுல அஞ்சுதானே கிடக்கு?” என்கிறார். “பேடிக்கண்ட சேட்டா, பாக்கி மூணும் தரகரோட கையில உண்டு” என்று கணக்கர் பாதி மலையாளத்தில் சமாதானம் சொல்கிறார்.

கூகுள் 2006-இல் வெளியிட்ட பிக்டேபிள் ஆய்வுரையைப் பின்பற்றி எழுந்த ஹெச்பேஸ் என்னும் தரவுத்தளத்திலும் இந்தச் சட்டைப்பை உண்டு. எழுத்துகளைச் சேர்த்து அனுப்பும் முறையைத் தேர்ந்தெடுத்தால், எழுதும் நிரலின் பக்கத்திலேயே, அளவை மாற்றாவிடில் 2 மெகாபைட் கொள்ளும் தேக்கம் இருக்கிறது. அது நிரம்பினாலோ, ‘அனுப்பு’ என்று ஆணையிட்டாலோதான் சரக்கு சர்வருக்குப் போகும். அதே நிரல் உடனே திரும்பி வாசிக்கக் கேட்டாலும், விடை சர்வரின் பேரேட்டிலிருந்தே வருமன்றித் தன் பையை அது தடவிப் பார்ப்பதில்லை. நிரல் நடுவில் நின்றுபோயிற்றோ, தரகர் நோட்டோடு காயலில் விழுந்த கதைதான்.

பேரேடு ஒன்றாக இருந்தால் இவ்வளவோடு போயிற்று. பெரிய தரவுத்தளங்களிலோ பிரதிகள் பல. மூன்று பிரதிகளில் இரண்டிலாவது எழுதிய பிறகே ‘ஆயிற்று’ என்று சொல்லி, வாசிக்கும்போதும் இரண்டைப் புரட்டினால், இரண்டும் இரண்டும் நான்காகி மூன்றை மிஞ்சுவதால், ஏதேனும் ஒரு பிரதியாவது இரு தரப்புக்கும் பொதுவாக அமைந்து புதிய செய்தியைக் காட்டிவிடும். அமேசான் 2007-இல் விவரித்த டைனமோ, இந்த எண்களைத் தேவைக்கேற்ப மாற்றிக்கொள்ள இடம் கொடுத்தது. வேகம் வேண்டி எண்ணைக் குறைத்தவர்கள் பழைய கணக்கைக் காணவும் சித்தமாயிருக்க வேண்டும்.

நான் சித்தமாயில்லை. வைப்பினிலிருந்து போர்ட் கொச்சிக்கு ஜங்கார்ப் படகில் கடக்கும்போது, மட்டாஞ்சேரி மிளகுக் கடைக்காரருக்குக் கைப்பேசியில் பணம் அனுப்பிவிட்டு, இருப்புக் குறையாததைக் கண்டு மறுபடியும் அனுப்பினேன். அக்கரை சேர்வதற்குள் இரண்டு தொகையும் போயிருந்தன.

பிறர் எழுதியது சற்றுத் தாமதித்துத் தெரிந்தால் பாதகமில்லை, தான் எழுதியது தனக்குத் தெரியாமற்போவதே மனிதனைக் கலக்குகிறது என்பது என் அபிப்பிராயம். ஜெராக்ஸ் நிறுவனத்தின் பாலோ ஆல்ட்டோ ஆய்வகத்தில் டக்ளஸ் டெர்ரியும் சகாக்களும் 1994-இல், பல பிரதிகளுள்ள தரவுத்தளங்களுக்காக வகுத்த நான்கு உறுதிகளில் முதலாவது இதுவே: எழுதியவன் தன் எழுத்தைக் காண வேண்டும். சட்டைப்பை விஷயத்தில் அதற்கு உபாயம், வாசிக்குமுன் பையைக் காலி செய்வது. அல்லது பேரேட்டின் விடையோடு பையிலுள்ளதையும் கூட்டிச் சொல்வது.

முனம்பத்துப் படகுக்காரர் இரண்டாவதையே செய்வார். கணக்கரோடு வாதாடாமல் ஏலத் தளத்துக்குத் திரும்பி, “அண்ணே, அந்த நோட்டைக் கொஞ்சம் காட்டுங்க” என்று கையை நீட்டுவார்.