குழந்தையின் ஜன்னலில் விழுந்த கல்

டிசம்பர் மாதத்தில் அமெரிக்காவின் வடபகுதியில் எந்தத் தெருவுக்குப் போனாலும் வீடுகள் மணக்கோலம் பூண்டு நிற்கும். மாலை ஐந்து மணிக்கு முன்பே இருட்டிவிடும் நாடு அது. வெளியே பனி கொட்டும். ஆகவே மனிதன் வீட்டுக்குள்ளே வெளிச்சத்தை உண்டாக்கிக்கொள்கிறான். கிறிஸ்தவர் வீட்டுக் கூடத்தில் ஊசியிலை மரம், கதவில் பச்சைத் தழை வளையம், கூரை விளிம்பில் மின்விளக்குச் சரம். அதே தெருவில் யூதர் வீடு ஒன்று இருந்தால், அதன் ஜன்னலில் ஒன்பது கிளை கொண்ட விளக்குத் தண்டு. மெனோரா என்பார்கள். ஹனுக்கா என்னும் எட்டு நாள் பண்டிகைக்கு இரவுக்கு ஒரு சுடராகக் கூட்டிக்கொண்டே போவார்கள். ஒன்பதாவது, மற்றவற்றை ஏற்றிவைக்கும் சுடர். கறுப்பு மக்களின் வீடுகள் பலவற்றில் 1966ஆம் ஆண்டு தொடங்கிய குவான்சா விழாவுக்காக ஏழு மெழுகுவத்திகள். கறுப்பு ஒன்று, சிவப்பு மூன்று, பச்சை மூன்று.

"வீட்டை அலங்கரிப்பது அவரவர் விருப்பம். இதில் நமக்கென்ன வேலை?" என்று கேட்கலாம். வேலை இருக்கிறது. எப்படி என்று கேளுங்கள்.

ஹனுக்கா விளக்கை எங்கே வைக்க வேண்டும் என்று யூதர்களின் பழைய நூலாகிய தால்முத் விதி சொல்கிறது. கார்த்திகைக்கு நாம் வாசலில் அகல் வைக்கிறோமே, அதுபோல வாசலுக்கு வெளியே வைக்க வேண்டும். மாடியில் குடியிருப்பவன் தெருவைப் பார்த்த ஜன்னலில் வைக்க வேண்டும். அந்த வெளிச்சத்தில் எந்த வேலையும் செய்யக் கூடாது. ஊரார் பார்ப்பதற்கென்றே ஏற்றும் விளக்கு அது. ஆனால் அதே விதி இன்னொன்றும் சொல்கிறது: ஆபத்துக் காலமானால் வீட்டுக்குள்ளே மேசைமீது வைத்தால் போதும்! அடிபட்ட மக்கள் எழுதிவைத்த விதி அது. விளக்கு ஜன்னலில் இருக்கிறதா, மேசைக்கு இறங்கிவிட்டதா என்பதைப் பார்த்தே அந்த ஊரின் யோக்கியதையைச் சொல்லிவிடலாம்.

1931 டிசம்பரில் ஜெர்மனியின் கீல் நகரத்தில் ஒரு யூத குருவின் மனைவி தம் வீட்டு ஜன்னலில் இருந்த மெனோராவைப் படம் எடுத்தார். படத்தில் முன்னே விளக்கு; அதற்குப் பின்னே, தெருவுக்கு அந்தப் பக்கக் கட்டடத்தில், நாஜிகளின் ஸ்வஸ்திகாக் கொடி. ஹிட்லர் ஆட்சிக்கு வர இன்னும் ஓராண்டுக்குமேல் இருந்தது. உலகம் அறிந்த படம் அது. ஒரு கொடி, எதிரே ஒரே ஒரு விளக்கு. 1933இல் அந்தக் குடும்பம் ஊரைவிட்டு, நாட்டைவிட்டுப் போகவேண்டி வந்தது. பிறகு ஐரோப்பாவில் யூத மக்களுக்கு நேர்ந்ததை நாம் அறிவோம். அறுபது லட்சம் உயிர்கள்!

அதற்கு 62 ஆண்டுகளுக்குப் பிறகு இன்னொரு ஜன்னல். அமெரிக்காவின் மான்டானா மாநிலத்தில் பில்லிங்ஸ் என்று ஓர் ஊர். எண்ணெய் சுத்திகரிப்பு ஆலைகளும் கால்நடைச் சந்தையும் உள்ள ஊர். சுமார் எண்பதாயிரம் மக்கள். அவர்களில் யூதக் குடும்பங்கள் நூறுகூடத் தேறாது. 1993இல் வெள்ளை இனவெறிக் கும்பல் அங்கே தலைதூக்கிற்று. யூதர் இடுகாட்டில் கல்லறைக் கற்களைச் சாய்த்தார்கள். கறுப்பு மக்களின் தேவாலயத்தில் புகுந்து முறைத்துக்கொண்டு நின்றார்கள். பழங்குடிப் பெண் ஒருவரின் வீட்டுச் சுவரில் ஸ்வஸ்திகாவும் கொலை மிரட்டலும் எழுதினார்கள்.

டிசம்பர் 2ஆம் தேதி இரவு, பண்டிகைக்கு ஆறு நாள் முன்னே, ஒரு யூதச் சிறுவனின் படுக்கையறை ஜன்னலை நோக்கிக் கல் பறந்து வந்தது. அந்த ஜன்னலில் மெனோரா அலங்காரம் இருந்தது என்பதே காரணம். நல்லவேளை, பிள்ளை அப்போது அறையில் இல்லை. வந்து பார்த்த காவலர் தாயாரிடம், "அலங்காரத்தை எடுத்துவிடுங்கள்" என்று யோசனை சொன்னார்.

கவனியுங்கள்! கல் எறிந்தவன் கேட்டதும் அதுதானே? அடித்தவன் விரும்பியதை அடிபட்டவனே செய்து முடிக்க வேண்டுமாம். அதற்குப் பெயர் பாதுகாப்பாம்! ஊசியிலை மரத்தை ஒளித்துவை என்று ஒரு கிறிஸ்தவப் பிள்ளையிடம் யாராவது சொல்வார்களா? அந்தத் தாய் எடுக்க மறுத்தார். பத்திரிகையிலும் சொன்னார்.

செய்தியைப் படித்த கிறிஸ்தவர் சிலர் தங்கள் தேவாலயத்தில் பேசினார்கள். ஞாயிறு வகுப்புப் பிள்ளைகள் மெனோராப் படம் வரைந்தார்கள். வீட்டுக்குக் கொண்டுபோய் ஜன்னலில் ஒட்டினார்கள். உள்ளூர் நாளிதழான பில்லிங்ஸ் கெஜட் ஒரு முழுப் பக்கத்துக்கு மெனோராவை அச்சிட்டது. வெட்டி ஒட்டிக்கொள்ளலாம். காவல்துறைத் தலைவரே அதை ஆதரித்தார். ஆறாயிரத்திலிருந்து பத்தாயிரம் வீடுகள் வரை மெனோரா ஏறியதாகக் கணக்கிட்டார்கள். கிறிஸ்துமஸ் மரம் கூடத்தில், மெனோரா ஜன்னலில்! யாரும் மதம் மாறவில்லை. யாரும் தம் மரத்தை எடுக்கவும் இல்லை.

"காகிதம் கல்லைத் தடுக்குமா?" என்று கேட்கத் தோன்றும். தடுக்கவில்லைதான். மெனோரா ஒட்டிய வேறு வீடுகளிலும் மெதடிஸ்ட் தேவாலயத்திலும் கண்ணாடி உடைந்தது. யூத நண்பர்களுக்கு வாழ்த்து எழுதிவைத்த கத்தோலிக்கப் பள்ளியின்மீது துப்பாக்கிக் குண்டு பாய்ந்தது. ஆனாலும் மக்கள் படத்தைக் கழற்றவில்லை. இன்னும் பல வீடுகளில் ஒட்டினார்கள். கல் எறிபவனுக்கு ஒரு விலாசம் வேண்டும் அல்லவா? இன்னார் வீடு, தனி வீடு, துணையில்லாத வீடு என்று தெரிய வேண்டும். பத்தாயிரம் ஜன்னலிலும் ஒரே படம் இருந்தால் அவன் எந்த விலாசத்துக்குப் போவான்? அந்தக் குளிர்காலம் கழிவதற்குள் தாக்குதல்கள் ஓய்ந்தன.

இந்தக் கதையில் தொழிலாளிகளுக்குத் தனி இடம் உண்டு. ஜன்னல்களில் காகிதம் ஏறுவதற்கு முன்பே, அந்தப் பழங்குடிப் பெண்ணின் சுவரில் எழுதினார்களே, அப்போது முதலில் வந்தவர்கள் யார்? பெயிண்டர் சங்கத்துக்காரர்கள்! ஏறத்தாழ முப்பது பேர். கூலி கேட்கவில்லை. வாளியும் தூரிகையுமாக வந்து அந்த அசிங்கத்தை அழித்து வெள்ளையடித்துக் கொடுத்துவிட்டுப் போனார்கள். வயிற்றுப்பாட்டுக்குக் கற்ற தொழில், அயலாள் வீட்டு மானத்தைக் காக்கவும் உதவிற்று. ஊர் அதைப் பார்த்தது. டிசம்பரில் அந்த ஊர் திரண்டதென்றால், திரளும் பழக்கத்தைக் கற்றுத் தந்தவர்களில் அந்த முப்பது பேரும் உண்டு.

கீலில் எடுத்த படத்தில் இருப்பது ஒரே ஒரு விளக்கு. பில்லிங்ஸில் ஆயிரக்கணக்கான ஜன்னல்கள். அந்த ஜெர்மன் பெண்ணின் தைரியம் பில்லிங்ஸ் தாயின் தைரியத்துக்கு எள்ளளவும் குறைந்ததல்ல. வேறுபாடு அக்கம்பக்கத்தில் இருந்தது. சிறுபான்மை வீட்டின் விளக்கை அந்த வீட்டாரின் தைரியத்துக்கு மட்டும் விட்டுவிட்டால், ஒருநாள் அது மேசைக்கு இறங்கும். பிறகு வீடே காலியாகும்.

தோழர்களே, உங்கள் குடியிருப்பிலும் இருக்கிறது பொங்கல் கோலம், ரம்ஜான் பிறை, கிறிஸ்துமஸ் நட்சத்திரம். யாருடைய வாசலில் எது தொங்குகிறது என்று உங்களுக்குத் தெரியும். தங்கள் பண்டிகைக்கு "இந்த ஆண்டு வேண்டாம், பிரச்சினை வரும்" என்று அவர்களில் ஒரு வீட்டார் தயங்கினால், ஏன் என்று போய்க் கேளுங்கள். ஏணி பிடித்துக் கட்டிக்கொடுங்கள். கல் விழுந்த பிறகு போவதைவிட, கட்டும்போதே போய் நிற்பது மேல்.