பயணத்தில் குடும்பத்தாருக்கு நோய் வந்தால் டிராவல் இன்சூரன்ஸ் கை கொடுக்குமா?

உம்ராவுக்கும், வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகளைப் பார்க்கவும் வயதான பெற்றோரை அனுப்பி வைக்காத வீடு நம்மில் குறைவு. டிக்கெட்டுடன் ஒரு இன்சூரன்ஸ் பாலிசியும் கைக்கு வரும். நாமோ பிரித்துக்கூடப் பார்க்காமல் பையில் வைத்துக்கொள்கிறோம். நோய் வந்த பிறகே அதில் என்ன எழுதியிருக்கிறது என்று தேடுகிறோம்.

புறப்படும் முன் நோய் வந்தால்

பயண ரத்துப் பிரிவு பாலிசியில் இருந்தால், திரும்பக் கிடைக்காத டிக்கெட், ஓட்டல் கட்டணத்தைக் கேட்கலாம். ஆனால் லேசான காய்ச்சலுக்குத் தர மாட்டார்கள். பெரும்பாலும் ஆஸ்பத்திரியில் சேர்க்கும் அளவுக்கு நோய் இருக்க வேண்டும்.

நோயாளி பயணம் செய்பவராகவே இருக்க வேண்டும் என்பதில்லை. ஊரில் இருக்கும் நெருங்கிய குடும்பத்தாராகவும் இருக்கலாம். இங்குதான் கவனம் தேவை. கணவன், மனைவி, பிள்ளைகள், பெற்றோர் பொதுவாக இதில் அடங்குவர். உடன்பிறந்தோர், மாமனார், மாமியார் விஷயம் பாலிசிக்குப் பாலிசி மாறும். ஒரே வீட்டில் வாழ்ந்தாலும் சாச்சாவும் மாமியும் அந்தப் பட்டியலில் இல்லாமல் போகலாம்.

போன இடத்தில் நோய் வந்தால்

முதலில் பாலிசியில் உள்ள 24 மணி நேர உதவி எண்ணுக்குப் போன் செய்யுங்கள். அவர்கள் சொல்லும் ஆஸ்பத்திரிக்குப் போனால் கையிலிருந்து பணம் கட்டாமல் சிகிச்சை பெற வாய்ப்பு அதிகம். பல நாள் படுக்கையில் இருக்க நேர்ந்தால், ஊரிலிருந்து ஒருவர் வந்துபோக விமானச் செலவு தரும் பாலிசிகளும் உண்டு.

உம்ரா விசாவுடன் வரும் கட்டாயக் காப்பீடு சவூதிக்குள் மட்டுமே செல்லும். வழியில் துபாயில் நான்கு நாள் தங்கினால் அதற்குத் தனிப் பாலிசி வேண்டும். ஷெங்கன் விசாவுக்குக் குறைந்தது 30,000 யூரோ மருத்துவக் காப்பீடு கட்டாயம்.

ஊரிலிருந்து போன் வந்தால்

உம்மா ஐசியூவில் என்று தகவல் வந்து பாதியில் திரும்பினால், பயணச் சுருக்கப் பிரிவின் கீழ் பணம் கேட்கலாம். இதுவும் எல்லாப் பாலிசியிலும் இருக்காது. வாங்கும்போதே கேட்க வேண்டும்.

சர்க்கரையை மறைக்காதீர்கள்

'சுகர், பிரஷர் இருக்கு என்று எழுதினால் பிரீமியம் கூடும்' என்று சிலர் மறைக்கச் சொல்வார்கள். கேட்காதீர்கள். ஆஸ்பத்திரிப் பதிவில் பத்து வருடச் சர்க்கரை என்று டாக்டர் எழுதிய உடனே கிளைம் நின்றுவிடும். மிச்சம் பிடித்தது சில நூறு ரூபாய். தலையில் விழுவது பல லட்சம். பொய் சொல்லி வாங்குவது நமக்கு ஆகுமானதும் அல்ல. உண்மையை எழுதினாலும், பழைய நோய்க்கு உயிர் போகும் ஆபத்தில் மட்டுமே பல பாலிசிகள் பணம் தரும். எனவே அதற்கெனத் தனிக் கவரேஜ் உண்டா என்று விசாரியுங்கள்.

கிளைம் மறுக்கப்பட்டால்

டாக்டர் சான்று, பில்கள், டிஸ்சார்ஜ் சம்மரி, போர்டிங் பாஸ், ரத்துக் கட்டண ரசீது அனைத்தையும் பத்திரப்படுத்துங்கள். முதலில் கம்பெனிக்கு எழுத்தில் புகார் கொடுங்கள். ஒரு மாதத்தில் பதில் இல்லாவிட்டாலோ, பதில் திருப்தி தராவிட்டாலோ இன்சூரன்ஸ் ஆம்புட்ஸ்மேனிடம் போகலாம். சென்னையில் அலுவலகம் உண்டு, கட்டணம் கிடையாது.

பெட்டி கட்டும் முன் பாலிசியை ஒருமுறை வாசியுங்கள். உதவி எண்ணை உம்மா, வாப்பா போனில் பதிந்து கொடுங்கள். பயணம் நலமாக அமையும், இன்ஷா அல்லாஹ்.