படுக்கத் தெரியாத மேதை

சீமைக்குப் படிக்கப் போகும் பிள்ளையின் பெட்டியில் ஊறுகாயும் பருப்புப் பொடியும் வைத்து அனுப்புகிறோம். அங்கே எப்படிப் படுத்துத் தூங்குவது என்று சொல்லி அனுப்புகிறோமா? நேயர்கள் சிரிக்க வேண்டாம். கணித மேதை ராமானுஜத்துக்கே அது தெரியவில்லை!

1914-ம் வருஷம் மார்ச் 17-ந் தேதி சென்னையில் கப்பலேறி, ஏப்ரலில் இங்கிலாந்து சேர்ந்தார். முதலில் கேம்பிரிட்ஜில் கணித ஆசிரியர் நெவில் வீட்டில் வாசம். பிறகு டிரினிடி கல்லூரியில் தனி அறை. உபசாரத்தில் குறை சொல்வதற்கில்லை.

குளிரான ஒரு நாள், அங்கே படித்துக்கொண்டிருந்த வங்காள மாணவர் மஹலனோபிஸ் (பிற்காலத்தில் புள்ளிவிவர சாஸ்திரத்தில் பெயர் பெற்றவர்தான்) இரவில் குளிர் தாங்குகிறதா என்று விசாரித்தார். மேலங்கியோடு படுத்துச் சால்வையும் சுற்றிக்கொள்வதாகவும், அப்படியும் குளிர்வதாகவும் ராமானுஜன் சொன்னார். மஹலனோபிஸ் படுக்கையறைக்குள் போய்ப் பார்த்தார். கட்டிலில் கம்பளிகள் அடுக்கடுக்காய் இருந்தன! ஓரங்களை இறுகச் செருகி, மேலே ஒரு விரிப்புப் போட்டிருந்தது. அந்த மெல்லிய விரிப்புக்கு அடியில்தான் ராமானுஜன் படுத்துவந்தார். கம்பளியை விலக்கி உள்ளே நுழைய வேண்டும் என்பது பாய் விரித்துப் படுக்கும் ஊரிலிருந்து போனவருக்கு எப்படித் தெரியும்?

மஹலனோபிஸ் செய்து காட்டினார். ராமானுஜன் நெகிழ்ந்து போனாராம். பெரியவர்கள் எவருக்கும் கேட்கத் தோன்றாத கேள்வி, தாமும் புதிதாக வந்து குளிரை அறிந்த ஒரு மாணவருக்குத் தோன்றிற்று.

சாப்பாட்டு விஷயம் இவ்வளவு சுலபத்தில் தீரவில்லை. சைவ உணவைத் தாமே சமைத்துக்கொண்டார். யுத்தம் வந்ததும் காய்கறி கிடைப்பது அரிதாயிற்று. 1917-ல் நோயில் விழுந்தார்.